அரைக் கிலோவில் ஆறு பேருக்கு: வீட்டு அடுப்பில் மாட்டிறைச்சி ஸ்டூ

எமது பகுதியில் இறைச்சிக் கடை என்பது ஆண்களின் இடம். மட்டக்களப்பு நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் மரக்கறிச் சந்தையில், மீன் சந்தையில் பெண்கள் தாராளமாக விலை பேசி வாங்குவதைக் காணலாம். மாட்டிறைச்சிக் கடையின் முன்னால் நிற்கும் பெண்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். தகப்பன், கணவன், மகன் யாராவது போய் வாங்கி வருவார்கள், பெண் அதைச் சமைப்பாள். இதுவே காலங்காலமான வழக்கம்.

யுத்தத்தில் கணவனை இழந்த குடும்பங்களிலும், கணவன் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களிலும் இந்த வழக்கமே ஒரு சிக்கலாகிவிட்டது. இறைச்சி வாங்கி வர வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் காசைக் கொடுத்து அனுப்பினால், கடைக்காரர் எதை வெட்டிப் போடுகிறாரோ அதைத்தான் அவன் கொண்டு வருவான். அதில் பாதி சவ்வும் எலும்புமாக இருக்கும். வழக்கமான கறி போல மிளகாய்த்தூள் போட்டு முக்கால் மணித்தியாலம் கொதிக்க வைத்தால் அது ரப்பர் போல இழுக்கும். பிள்ளைகள் மென்று துப்புவார்கள். "இனி நம்மட வீட்டுல இறைச்சி வேணாம்" என்று அத்தோடு விட்டுவிட்ட வீடுகள் பலவற்றை நான் களப்பணியில் கண்டிருக்கிறேன்.

உண்மையில் அந்தச் சவ்வும் எலும்பும் கொண்ட துண்டுகள் மோசமான இறைச்சி அல்ல. அவை கறிக்கு உரியவை அல்ல, அவ்வளவுதான். அவற்றுக்கென்றே உள்ள சமையல் ஸ்டூ. நம்மவர்கள் சிலர் இதை "இஸ்டூ" என்பார்கள். மட்டக்களப்பில் பறங்கியர் வீடுகளிலும் கத்தோலிக்க வீடுகளிலும் நத்தார் நாட்களில் பாணோடு வைக்கும் உணவாக இதைப் பலர் அறிந்திருப்பீர்கள். கறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறியது. மிளகாய்த்தூளுக்குப் பதிலாக மிளகு, கடும் நெருப்புக்குப் பதிலாகத் தணல். இறைச்சியும் மரக்கறியும் ஒரே சட்டியில் வேகும். குழம்பு தண்ணீர்ப்பதமாக, வயிறு நிறையக் குடிக்கக்கூடியதாக இருக்கும். உறைப்பு இல்லாததால் இரண்டு வயதுப் பிள்ளையும், பல் விழுந்த அம்மம்மாவும் இதைச் சாப்பிடலாம்.

மாட்டிறைச்சி உண்ணாத வாசகிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எங்கள் ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அடுத்தடுத்து வாழ்கிறோம். ஒருவர் உண்பதை மற்றவர் உண்ணாமல் இருப்பது இங்கே புதிதல்ல, அதில் யாரும் யாரையும் மாற்ற வேண்டியதும் இல்லை. இதே முறையில் ஆட்டிறைச்சியையும் நாட்டுக்கோழியையும் சமைக்கலாம். மரக்கறி மட்டும் உண்பவர்கள் இரவு ஊறவைத்த கடலையை இறைச்சிக்குப் பதிலாகப் போடலாம்.

இறைச்சியைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம் ருசி மாத்திரமல்ல, இரத்தமும்தான். தலைச்சுற்று, படியேறினால் மூச்சு வாங்குதல், எந்நேரமும் களைப்பு, நகமும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறிப் போதல் என்று சொல்லும் பெண்கள் அநேகர். "யோசனைதான் காரணம் பிள்ள" என்று அவர்களே அதற்குப் பதிலும் சொல்லிவிடுவார்கள். யோசனையும் காரணமாக இருக்கலாம். ஆனால் இரத்தத்தைப் பரிசோதித்தால் பல தடவைகளில் குருதிச்சோகை என்று வரும். கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது, கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் 11 கிராமுக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மாதவிடாயிலும் பிரசவத்திலும் பெண் இரும்புச்சத்தை இழக்கிறாள். 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களும், 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்களும் நிவாரணமாகப் பெற்றது பெரும்பாலும் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காத்த உணவு அது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இழந்த இரத்தத்தை ஈடுசெய்யும் உணவல்ல.

கீரையிலும் பருப்பிலும் இரும்பு உண்டு. ஆனால் உடல் அதில் சிறு பங்கையே உறிஞ்சும். இறைச்சியில் உள்ள இரும்பு அதைவிட இலகுவாக உடலில் சேரும். அத்துடன், அதே வேளையில் உண்ணும் கீரை, பருப்பு ஆகியவற்றின் இரும்பையும் கூடுதலாகச் சேரச் செய்யும். ஆகவே ஸ்டூச் சட்டியில் ஒரு பிடி முருங்கையிலையைப் போட்டால் இரட்டை நன்மை. தேசிக்காய்ப் புளியும் இதற்கு உதவும். இதைக் கெடுப்பது நாம் சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி. தேயிலையில் உள்ள சாயச் சத்து இரும்பைப் பிடித்துவைத்துக் கொள்ளும். தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டீர்கள், எனக்கும் அது முடியாது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடியுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் தரும் இரும்பு மாத்திரையை ஸ்டூ சாப்பிடுவதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

இனிக் கடைக்குப் போவோம். நீங்களே போங்கள் என்பதுதான் என் கருத்து. முதல் நாள் கூச்சமாக இருந்தால் இருவராகப் போகலாம். ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ கடை வைத்திருப்பவரிடம் "இறைச்சி தாங்க" என்று மட்டும் கேட்டால் அவர் தருவதைத்தான் வாங்க வேண்டும். "நானா, முன்னங்கால் தசையில அரைக் கிலோ தாங்க, எலும்பும் கொஞ்சம் போடுங்க, ஸ்டூவுக்கு" என்று கேட்டுப் பாருங்கள். என்ன வேண்டுமென்று தெரிந்து கேட்பவருக்கு நிறுவை பற்றியோ துண்டு பற்றியோ சாட்டுச் சொல்வது கடினம். கால் தசை, கழுத்து, நெஞ்சுப்பகுதி, வால் ஆகிய நான்கும் ஸ்டூவுக்கு உகந்தவை. அதிகம் நடந்த, அதிகம் அசைந்த உறுப்புகள் என்பதால் அவை இறுகியவை. கறிக்கு ஆட்கள் தேடும் மெதுவான தசையைவிட இவை மலிவாகக் கிடைப்பதும் உண்டு. வெட்டித் தரச் சொல்லியும் கேளுங்கள். ஓர் அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய சதுரத் துண்டுகளாக, அரைக் கிலோவுக்கு இருபது துண்டளவில் வரட்டும். போயா தினங்களில் இறைச்சிக் கடை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். காலையிலேயே போவது நல்லது. இறைச்சி சிவப்பாக, தொட்டால் பிசுபிசுக்காமல், கெட்ட வாடையில்லாமல் இருக்க வேண்டும். ஈ மொய்த்துக் கருகிப் போனது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

ஆறு பேருக்கு அரைக் கிலோ இறைச்சியும் ஒரு பிடி எலும்பும் போதும். அத்துடன் பம்பாய் வெங்காயம் இரண்டு, உள்ளி ஆறு பல்லு, பெருவிரலளவு இஞ்சி, தக்காளி இரண்டு, உருளைக்கிழங்கு மூன்று, கரட் இரண்டு, இருந்தால் ஒரு லீக்ஸ். உருளைக்கிழங்கு விலை கூடிய நாட்களில் மரவள்ளிக்கிழங்கும் வத்தாளங்கிழங்கும் அதே வேலையைச் செய்யும். மரவள்ளியைத் தோலுரித்து வேறாக அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சேர்க்க வேண்டும். வாசனைக்கு இரண்டு அங்குலக் கறுவாப்பட்டை, மூன்று கராம்பு, இரண்டு ஏலம், ஒரு தேக்கரண்டி முழு மிளகு, ஒரு துண்டு றம்பை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. உப்பு ஒன்றரைத் தேக்கரண்டியளவில் தொடங்குங்கள். தேங்காய்ப்பால் ஒரு கோப்பை, முதற்பாலாக.

இறைச்சியைத் தண்ணீரில் ஊறப் போடாமல் ஒரு தரம் கழுவி நன்றாக வடிய விடுங்கள். ஈரம் இருந்தால் பொரியாது, அவியும். சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சூடேறியதும் துண்டுகளை நாலைந்தாகப் போட்டு எல்லாப் பக்கமும் மண்ணிறமாகும்வரை பொரித்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுவிடும். இந்தப் பத்து நிமிடப் பொறுமையில்தான் ஸ்டூவின் நிறமும் மணமும் இருக்கிறது. சட்டியின் அடியில் ஒட்டிப் பிடிக்கும் மண்ணிறப் படலத்தைக் கருகல் என்று கழுவி ஊற்ற வேண்டாம், அதுதான் சுவை. அதே சட்டியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, றம்பை, வாசனைப் பொருட்களைப் போட்டு வதக்குங்கள். வெங்காயம் விடும் நீரிலேயே அடி இளகி வரும். தக்காளியையும் போட்டுக் குழைந்ததும் இறைச்சியையும் எலும்பையும் சேர்த்து, கொதிநீர் ஐந்து கோப்பை ஊற்றுங்கள். மேலே வரும் நுரையை அகப்பையால் எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியது நெருப்பைக் குறைப்பதுதான். நம்மில் பலருக்கு இது மனம் ஒப்பாத காரியம். இறைச்சி வேகவில்லையென்றால் இன்னும் இரண்டு விறகைத் தள்ளுவதே நம் பழக்கம். தசை நார் கடும் கொதியில் சுருங்கி இறுகும். சவ்வு அப்படியல்ல, கொதிக்கும் கொதிக்காமலும் உள்ள சூட்டில் நெடுநேரம் கிடந்தால் இளகிப் பசைபோலாகிக் குழம்பில் கரையும். ஸ்டூவின் குழம்பு மாக் கரைக்காமலே தடிப்பாவது இதனால்தான். ஆகவே மூடியைப் போட்டு, குமிழி ஒன்றிரண்டு மட்டும் மேலெழும் அளவுக்குத் தணலை வைத்து, ஒன்றரை மணித்தியாலத்திலிருந்து இரண்டரை மணித்தியாலம் வரை விடுங்கள். எமது பகுதியில் இறைச்சிக்கு வருவது பல தடவை வயதான மாடு. அதற்கு நேரம் கூடப் பிடிக்கும். பச்சைப் பப்பாசிக்காயில் ஒரு சிறு துண்டை அரைத்து, சமைக்குமுன் அரை மணித்தியாலம் இறைச்சியில் பூசி வைத்தால் நேரம் குறையும். அதிகம் பூசினால் இறைச்சி களியாகிவிடும். பிறஷர் குக்கர் உள்ளவர்களுக்கு முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் வேலை முடியும்.

கரண்டி முனையால் அழுத்தினால் துண்டு பிளக்கும் பதம் வந்ததும் கிழங்கையும் கரட்டையும் போடுங்கள். அவை வேக இருபத்தைந்து நிமிடம் போதும். முதலிலேயே போட்டால் கரைந்து காணாமல் போகும். பிறகு லீக்ஸ், முருங்கையிலை. கடைசியாகத் தேங்காய்ப்பாலை ஊற்றி ஒரு கொதி வருமுன் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பால் திரையும். ஆறிவரும்போது பாதித் தேசிக்காய்ப் புளி. கொழுப்பு அதிகம் மிதந்தால், இரத்த அழுத்தம், கொலஸ்ரோல் உள்ளவர்கள் அதை எடுத்துவிட்டுச் சாப்பிடலாம். பாண், இடியப்பம், ரொட்டி, சோறு எதனோடும் சேரும்.

"இரண்டரை மணித்தியாலம் விறகு எரிக்க நாங்க எங்க போற?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டு எரிவாயு இல்லாமல் வரிசைகளில் நின்ற நாட்களில் நகரத்துப் பெண்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. உலக யுத்தங்களின்போது எரிபொருள் தட்டுப்பாட்டால் ஐரோப்பியப் பெண்கள் சட்டியைக் கொதிக்க வைத்து வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துச் சமைத்தார்கள். நெல் வெட்டும் ஊர்களில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஒரு கடுதாசிப் பெட்டியில் அல்லது பெரிய கூடையில் வைக்கோலை இறுக அடைத்து நடுவில் சட்டி இருக்கக் குழி செய்துகொள்ளுங்கள். இறைச்சியைப் பொரித்து நீர் ஊற்றிய பின் நாற்பது நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடியைத் திறக்காமலே சட்டியை அதற்குள் வைத்து, மேலே வைக்கோல் அடைத்த தலையணையாலோ பழைய போர்வையாலோ மூடிவிடுங்கள். மூன்று நான்கு மணித்தியாலத்தில் அது தன் சூட்டிலேயே மெதுவாகும். இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். சட்டி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், இல்லையேல் சூடு நிற்காது. எடுத்த பிறகு மரக்கறி போட்டு மறுபடியும் நன்றாகக் கொதிக்க வைத்த பின்பே சாப்பிட வேண்டும். அடுப்பின் பக்கத்தில் வைக்கோலை வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த முறையில் இன்னொரு வசதியும் உண்டு. சட்டி தன்பாட்டில் வேகும். தையல் மெசினில் இருப்பவரும், பன் பாய் இழைப்பவரும், கோழிக்கூட்டைப் பார்ப்பவரும் தம் வேலையைச் செய்யலாம். ஷெல் பட்டுக் கையொன்றை இழந்த ஒரு தங்கச்சி தன் வெட்டுப்பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளை அடியிலிருந்து மேலே வரும்படி அடித்து வைத்திருக்கிறார். கிழங்கையும் கரட்டையும் அந்த ஆணியில் குத்தி நிறுத்திவிட்டு மற்றக் கையால் சீவுவார், வெட்டுவார். "கறியெண்டா பக்கத்துல நிண்டு பிரட்டோணும் அக்கா, இது மூடி போட்டா முடிஞ்சுது" என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

இனிப் பரிமாறும் விடயம். சமூகவியலில் குடும்பத்துக்குள் உணவுப் பங்கீடு என்று ஒரு பகுதி உண்டு. ஒரு வீட்டுக்கு உணவு கிடைத்தது என்பதற்காக அந்த வீட்டிலுள்ள எல்லோருக்கும் கிடைத்தது என்று பொருளில்லை என்பதே அதன் சாரம். அதை விளங்கிக்கொள்ளப் புத்தகம் தேவையில்லை, ஒரு மத்தியானம் குசினியில் இருந்து பார்த்தால் போதும். மகனுக்குப் பெரிய துண்டு, மகளுக்குச் சிறிய துண்டு, அம்மாவுக்குச் சட்டி துடைத்த குழம்பு. சில வீடுகளில் இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. "புருசன் இல்லாதவளுக்கு இறைச்சி என்னத்துக்கு" என்ற பேச்சு. உறவினர் சொல்லாவிட்டாலும் தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். முப்பது வயதில் கணவனை இழந்து, நாள் முழுவதும் கூலிக்குக் களை பிடுங்கி, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவளுக்குத்தான் அந்த வீட்டில் கூடுதல் பலம் வேண்டும். விரதமும் மரக்கறி உணவும் ஒருவர் தானாக விரும்பி ஏற்பது. அதை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. பிறர் வாய்க்குப் பயந்து பசியை அடக்குவது விரதமாகாது என்பது என் எண்ணம்.

ஸ்டூவில் பங்கிடுவது சுலபம். இருபது துண்டு இருக்கிறது, ஆறு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு மூன்று துண்டு. சட்டியை இறக்கியதும், யாருக்கும் போடுமுன், ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்து எண்ணிப் போடுங்கள். உங்கள் கோப்பை அதில் ஒன்றாக இருக்கட்டும். மிஞ்சும் இரண்டு துண்டை வளரும் பிள்ளைக்கோ பாலூட்டும் மகளுக்கோ கொடுக்கலாம். "எனக்கு வேணாம், நீ தின்னு" என்று கோப்பையைத் தள்ளிவிடும் பழக்கம் ஒரு நாளில் போகாது. ஒரு தாய் தன் கோப்பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவாராம். பார்த்தால் கொடுத்துவிடுவேன் என்கிறார். அதுவும் ஒரு வழிதான்.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி பங்கிடப்படும்போது, வறிய வீடுகளுக்கு ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ வந்து சேர்வதுண்டு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத ராத்தாமார் அன்றே ஒரு பங்கை ஸ்டூவாக்கி, மீதியை மெல்லிய கீற்றுகளாக வெட்டி உப்பும் மஞ்சளும் தடவி நல்ல வெயிலில் சுருளக் காய வைப்பார்கள். ஈக்கு வலைத்துணி கட்டாயம். காய்ந்ததைச் சமைக்கும்போது ஒரு மணித்தியாலம் நீரில் ஊறவிட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டால் உப்புக் குறையும், ஸ்டூவுக்கு மேலதிக உப்புத் தேவைப்படாது.

சமைத்த ஸ்டூவை எங்கள் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே வைக்கக்கூடாது. தேங்காய்ப்பால் சேர்த்தது விரைவில் பழுதாகும். இரவுக்கும் வேண்டுமானால் பால் விடுமுன்பே பாதியை வேறு சட்டியில் எடுத்து உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லாதவர்கள் மத்தியானத்தில் சமைப்பதைவிடப் பின்னேரம் அடுப்பில் ஏற்றி இரவுச் சாப்பாட்டோடு முடித்துவிடுவது நல்லது. எலும்பை மட்டும் எறிய வேண்டாம். உடனே கழுவி, அரைப் பிடி பருப்பும் இரண்டு உள்ளியும் மிளகும் போட்டு மறுபடி கொதிக்க வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ரசம் வரும்.